ராஜினாமாவைத் திரும்பப் பெற்ற தளபதி

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் ரிச்மண்ட் ரோடு தெரியாதவர் இருக்க முடியாது. அந்தச் சாலைக்கு அரசாங்கம் சூட்டிய பெயர் ஜெனரல் கே.எஸ். திம்மய்யா ரோடு. ஆனால் பஸ் கண்டக்டரிடம் திம்மய்யா ரோடு என்று டிக்கெட் கேட்டால் அவர் ஒரு கணம் யோசிப்பார்.

பெயருக்கு உரியவர் இதற்காக வருத்தப்பட்டிருக்க மாட்டார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சுப்பய்யா. கொடந்தேரா என்பது குடும்பப் பெயர். திம்மய்யா என்பது தந்தையின் பெயர். ஆங்கிலேயர் வழக்கப்படி கடைசியில் நின்ற தந்தை பெயரே அவர் பெயராக நிலைத்து விட்டது. இன்ஷியல் தொல்லை தமிழர்களுக்கு மட்டும் உள்ளது அல்ல! வீட்டார் கடைசி வரை அவரை டுப்பு என்றுதான் செல்லமாகக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அவர் டிம்மி.

1957 முதல் 1961 வரை இந்திய ராணுவத்தின் பிரதம தளபதியாக இருந்தவர் திம்மய்யா. எத்தனையோ போர்க்களங்களைக் கண்டவர். இருந்தும் அவர் பெயரைச் சொன்னால் படித்தவர்கள் முதலில் நினைப்பது ஒரு கடிதத்தை. ராஜினாமா கடிதம். எழுதினார், அன்றைக்கே திரும்பப் பெற்றுக் கொண்டார். அது சரியா, தவறா என்ற வாதம் அவர் மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஓயவில்லை.

உத்தியோகத்தில் இருக்கிற எவருக்கும் இந்த விஷயம் புரியும். மனம் நொந்து எழுதிக் கொடுக்கிறோம். மேலதிகாரி உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, இதமாக நாலு வார்த்தை பேசி, கடிதத்தை எடுத்துக் கொள்ளச் சொல்கிறார். எடுத்துக் கொள்வதா? வேண்டாமா? திம்மய்யாவுக்கு இந்தச் சோதனை வாழ்க்கையில் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேலையை விடாதே என்று சொன்னவர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். முதலில் தந்தை, முப்பது ஆண்டு கழித்து மகன்.

குன்னூரும் பெங்களூரும்

1906-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி குடகு நாட்டின் மடிகேரியில் பிறந்தார் திம்மய்யா. வசதியான காப்பித் தோட்டக் குடும்பம். தாயார் சீதம்மா படித்தவர். சமூக சேவைக்காக அரசாங்கத்திடம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வாங்கியவர். ஆறு குழந்தைகள். அதில் ஆண் மக்கள் மூவர். மூவரும் ராணுவ அதிகாரிகள் ஆனார்கள்.

எட்டு வயதுப் பையனை நம் நீலகிரியில், குன்னூரில் இருந்த செயின்ட் ஜோசப் கல்லூரியில் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். ஐரிஷ் பாதிரிமார் நடத்திய கண்டிப்பான விடுதிப் பள்ளி. பிறகு பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளி. ரெசிடென்சி ரோட்டில் இன்றும் இருக்கிறது அந்தப் பள்ளி. அங்கே படித்த பையனின் பெயரைத் தாங்கிய சாலைக்கு அங்கிருந்து நடந்தே போய் விடலாம்.

அதன் பின் டேராடூன் ராணுவக் கல்லூரி. பிறகு சீமையில் சாண்ட்ஹர்ஸ்ட். வெள்ளையர்களுக்கே உரியதாக இருந்த அந்தப் பயிற்சிப் பள்ளியில் ஆண்டுக்கு விரல் விட்டு எண்ணக் கூடிய இந்தியர்களுக்கு மட்டும் அப்போது இடம் கொடுத்தார்கள். 1926 பிப்ரவரியில் அதிகாரியாக வெளியே வந்தார். அந்தக் கால வழக்கப்படி முதல் ஓர் ஆண்டு வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்றில் இருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது பெங்களூரில் முகாமிட்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் ஹைலண்ட் லைட் இன்பன்ட்ரி. 1927-ல் ஐதராபாத் ரெஜிமென்டின் நாலாவது பட்டாலியனுக்குப் போனார். இன்றைய குமாவ் ரெஜிமென்ட்தான் அது.

சினிமா கொட்டகையில் ஒரு பெரியவர்

பாக்தாத்தில் சில காலம் இருந்து விட்டு அந்தப் பட்டாலியன் அலகாபாத் வந்து சேர்ந்தது. 1920-களின் கடைசி. ஊரெங்கும் கதர், ஊர்வலம், கைது. அந்த ஊரில்தான் நேரு குடும்பத்தின் ஆனந்த பவனம். தெருவில் தேசபக்தர்கள் போகிறார்கள். அவர்களை அடக்கக் கூப்பிட்டால் போக வேண்டிய பட்டாளத்தில் இந்திய இளைஞர் ஒருவர் அதிகாரி. ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?

அடிக்கடி சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. அலகாபாத் சினிமா கொட்டகையில் திம்மய்யா ராணுவ உடுப்போடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கதர் அணிந்த பெரியவர் ஒருவர், வெள்ளைக்காரன் கொடுத்த உடுப்பைப் போட்டுக் கொள்வது எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரே புழுக்கமாக இருக்கிறது என்று பதில் சொன்னார் திம்மய்யா. பெரியவர் சிரித்து விட்டார். அவர் மோதிலால் நேரு.

அந்தப் பழக்கத்தில், திம்மய்யாவும் அவரைப் போன்ற இந்திய அதிகாரிகளும் மனதில் இருந்ததை அவரிடமே கேட்டு விட்டார்கள். வேலையை உதறி விட்டு காங்கிரசில் சேர்ந்து விடட்டுமா? மோதிலால் வேண்டாம் என்றார். சுதந்திரம் வரத்தான் போகிறது, அன்றைக்கு நாட்டுக்குத் தொழில் தெரிந்த ராணுவ அதிகாரிகள் வேண்டும், அவர்களை ஒரே நாளில் தயார் பண்ண முடியாது என்பது அவர் கருத்து. ராணுவத்தை இந்தியமயமாக்குவது பற்றி ஆராய அரசாங்கம் அமைத்த ஸ்கீன் கமிட்டியில் அங்கத்தினராக இருந்தவர் அவர். எத்தனை இந்திய அதிகாரிகள் இருக்கிறார்கள், எத்தனை பேர் தேவை என்ற கணக்கு அவருக்கு அத்துபடி.

திம்மய்யா தங்கி விட்டார். அந்த ஆலோசனை சரியானதுதான் என்பதற்கு 1947-க்குப் பிறகு நடந்ததே சாட்சி.

குவெட்டாவும் சென்னையும்

1935 ஜனவரியில் திருமணம். மணமகள் நீனா கரியப்பா, அவரும் குடகுப் பெண். (பீல்டு மார்ஷல் கரியப்பாவோடு இதைச் சேர்த்துக் குழப்பிக் கொள்கிறவர்கள் உண்டு. குடகில் கரியப்பாக்கள் பலர்.) புது மனைவியை அழைத்துக் கொண்டு பலுசிஸ்தானத்தில் குவெட்டாவுக்குப் போனார். ஐந்து மாதம் கூட ஆகவில்லை. மே 31-ந் தேதி விடிவதற்கு முன் பூமி அதிர்ந்தது. பல்லாயிரக் கணக்கானோர் வீட்டோடு புதைந்தனர். பட்டாளம் முழுவதும் இடிபாடுகளைத் தோண்டிக் கொண்டிருக்க, நீனா வெளியே வந்து காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார். கல்யாணமாகி நாலு மாதமான பெண்! அரசாங்கம் அவருக்கும் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று. அந்த வீட்டில் பதக்கம் வாங்கியவர்கள் ஆண்கள் மட்டும் அல்ல.

1936-ல் மகள் மிரேய் பிறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் திம்மய்யாவுக்குச் சென்னைக்கு மாற்றல். மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி அளிக்கும் யுனிவர்சிடி டிரெயினிங் கோரில் அட்ஜுடன்ட் உத்தியோகம். இன்று பள்ளிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காக்கி போட்டுக் கொண்டு போகிறார்களே, அந்த என்.சி.சி.க்கு முன்னோடி அது. சென்னைக் கல்லூரி மாணவர்களுக்கு லெப்ட் ரைட் கற்றுக் கொடுக்க, வெள்ளைத் துரைக்குப் பதிலாக நம் நாட்டவர் ஒருவர் எதிரே வந்து நின்றது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல.

அண்ணன் ஒரு படை, தம்பி ஒரு படை

சென்னைக்குப் பிறகு சிங்கப்பூர். அங்கிருந்து கேட்டு வாங்கிக் கொண்டு இந்தியா திரும்பினார். அவர் விட்டு வந்த பட்டாலியன் 1942-ல் மலேயாப் போரில் சிதைந்தது. சிங்கப்பூர் விழுந்தபோது எஞ்சியவர்கள் ஜப்பானியரிடம் கைதிகளானார்கள். மாற்றல் உத்தரவு வராமல் இருந்தால் அவர் கதையும் வேறாகியிருக்கும்.

அவருடைய அண்ணன் பொன்னப்பா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஐ.என்.ஏ.யில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். தாத்தாவின் அண்ணன் ஐ.என்.ஏ.யில் இருந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் தமிழகத்தில் உண்டு. அந்த வீடுகளில் இருந்த அதே சங்கடம் மடிகேரி காப்பித் தோட்ட வீட்டிலும் இருந்தது. அண்ணன் டெல்லி நோக்கிப் புறப்பட்ட படையில். தம்பி அந்தப் படையை எதிர்த்து நின்ற பக்கத்தில். அவரவர் மனசாட்சிப்படி நடந்தார்கள் என்பதற்கு மேல் இதில் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

பர்மாவின் அரக்கான் கரையில் 1945 ஜனவரியில் காங்காவ் என்ற இடத்தில் கடும் போர். அங்கே இருந்த ஒரு பிரிகேடின் மூன்று பட்டாலியன்களுக்கும் தலைவர்கள் இந்தியர்கள்: திம்மய்யா, எல்.பி. சென், எஸ்.பி.பி. தோரட். இந்தியர்களுக்குத் தலைமை தாங்க வராது என்று கிளப்பில் உட்கார்ந்து பேசிய துரைமார்கள் வாயை அடைத்த சண்டை அது. மூவருக்கும் டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. தோரட்டின் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வரும். பிறகு பிரிகேடியராக உயர்ந்தார் திம்மய்யா. அந்த உலகப் போரில் களத்தில் ஒரு பிரிகேடுக்குத் தலைமை வகித்த ஒரே இந்தியர் அவர்தான். 1945 செப்டம்பரில் சிங்கப்பூரில் ஜப்பானியர் சரணடைந்த சடங்கில் இந்தியாவின் சார்பில் நின்றவரும் அவரே. அடுத்து ஜப்பானில் ஆக்கிரமிப்புப் படையில் சில காலம்.

பனிமலையில் டாங்கி

1947-ல் தேசம் இரண்டானது. பஞ்சாபில் அகதிகள் ரத்த வெள்ளத்தில் நடந்து வந்த நாட்களில் மேஜர் ஜெனரல் திம்மய்யா அங்கே இருந்தார். அடுத்த ஆண்டு காஷ்மீர்.

லடாக்கின் தலைநகர் லே அப்போது துண்டிக்கப்பட்டிருந்தது. எதிரிகள் நெருங்கிக் கொண்டிருந்தார்கள். சாலை இல்லை. பதினோராயிரம் அடிக்கு மேலே, ஆற்றங்கரை மணலில் உள்ளூர்க்காரர்கள் அவசரமாகச் சமன் செய்த ஓடுபாதை ஒன்றுதான் உண்டு. அதில் விமானம் எதுவும் அதற்கு முன் இறங்கியதில்லை. 1948 மே மாதம் 24-ந் தேதி விமானப் படையின் மெஹர் சிங் ஒரு டக்கோட்டாவில் அங்கே போய் இறங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து போனவர் திம்மய்யா. சிப்பாய்களை ஏற்றி அனுப்புவதற்கு முன் தாம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இலையுதிர் காலத்தில் ஜோஜிலா கணவாய். லேக்குப் போகும் தரைவழியின் வாசல் அது. எதிரி அதன் மேலே பாறைகளில் பதுங்கிக் கொண்டு வழியை அடைத்திருந்தான். செப்டம்பரில் நடந்த தாக்குதல்கள் தோற்றன. பனிக்காலம் வந்து விட்டால் அடுத்த வருஷம்தான். அப்போது திம்மய்யாவுக்கு ஒரு யோசனை. டாங்கிகளை மேலே ஏற்றினால் என்ன? கோவேறு கழுதை போகிற ஒற்றையடிப் பாதையில் டாங்கியா என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். எதிரியும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

இங்கேதான் நம் அல்சூர்க்காரர்கள் வருகிறார்கள். பெங்களூர் அல்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் இரண்டு கம்பெனிகள், மேஜர் தங்கராஜு தலைமையில், பால்தாலில் இருந்து கணவாய்க்கு டாங்கி போகும் அகலத்துக்கு வழி வெட்டினார்கள். தலைக்கு மேலே எதிரியின் துப்பாக்கி. கீழே பள்ளத்தாக்கு. நடுவில் பனி. தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் கன்னடர்களும் சேர்ந்த அந்தப் படையில் பாதிப்பேர் பனியைப் பார்த்தறியாத ஊர்களில் பிறந்தவர்கள்!

டாங்கிகளை ஜம்முப் பக்கத்திலிருந்து ரகசியமாகக் கொண்டு வந்தார்கள். மேலே உள்ள சுழல் பீரங்கிக் கூட்டைக் கழற்றி, டாங்கி என்றே தெரியாமல் மூடி, இரவு நேரத்தில் ஸ்ரீநகரைக் கடந்தார்கள். நவம்பர் 1-ந் தேதி பனி கொட்டிக் கொண்டிருந்தது. ஏழாவது குதிரைப் படையின் டாங்கிகள் கணவாய்க்குள் உறுமிக் கொண்டு நுழைந்தன. அவ்வளவு உயரத்தில் அதுவரை உலகில் எவரும் டாங்கியை வைத்துப் போர் செய்ததில்லை. முன்னே போன டாங்கியில் ஏறிப் போனார் ஒரு மேஜர் ஜெனரல். அந்தப் பதவியில் இருப்பவர் பின்னால் கூடாரத்தில் வரைபடத்தின் முன் இருப்பதுதான் வழக்கம். வழக்கத்தை மீறியது சரியா என்று ராணுவப் பாடம் படித்தவர்கள் கேட்கலாம். வழி வெட்டிய சாப்பர்களும் டாங்கி ஓட்டியவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எதிரி ஓடினான். நவம்பர் முடிவதற்குள் திராஸ், கார்கில் மீட்கப்பட்டன; லேக்கு வழி திறந்தது. ஆனால் அதே காஷ்மீர்ப் போரில் தம்பி சோமய்யா கன்னிவெடியில் சிக்கி உயிர் துறந்தார். வெற்றி கொண்டாடிய வீட்டில் ஒரு நாற்காலி காலியானது.

இருவரும் ஏசிய வேலை

கொரியாவில் 1953-ல் சண்டை நின்றது. சொந்த ஊருக்குத் திரும்ப மறுத்த யுத்தக் கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கல் தீரவில்லை. ஐந்து நாடுகள் கொண்ட கமிஷன் ஒன்றை அமைத்து, இந்தியாவைத் தலைமை வகிக்கச் சொன்னார்கள். தலைவர் திம்மய்யா. கைதிகளைக் காவல் காத்த இந்தியப் படைக்குத் தலைவர், அவருடைய பழைய தோழர் தோரட்.

தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்திய சிப்பாய் என் மண்ணில் காலை வைக்கக் கூடாது என்று அடம் பிடித்தார். அதனால் கப்பலில் போன நம் வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, நடுவே இருந்த ராணுவமற்ற பகுதியில் கொண்டு போய் இறக்கினார்கள். வடகொரியர், சீனர் என்று 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரு புறம். மற்றப் புறம் முன்னூற்றுச் சொச்சம். திரும்பிப் போக விரும்பினால் கூட வாய் திறக்க முடியாதபடி முகாம்களுக்குள் கைதிகளே ஒருவரை ஒருவர் அச்சுறுத்தி வைத்திருந்தார்கள். கம்யூனிஸ்டு நாடுகள் இந்தியாவை அமெரிக்காவின் ஆள் என்றன. மறு தரப்பில், இந்தியா கம்யூனிஸ்டுகளுக்கு இடம் கொடுக்கிறது என்றார்கள். இரண்டு பக்கமும் ஏசினால், வேலை நேர்மையாக நடந்திருக்கிறது என்றுதான் பொருள். 1954 தொடக்கத்தில் வேலை முடிந்தது. எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற எண்பதுக்கும் மேற்பட்ட கைதிகளை இந்தியப் படை தன் கப்பலிலேயே ஏற்றி வந்தது. அந்த ஆண்டு திம்மய்யாவுக்குப் பத்மபூஷண்.

அந்தக் கடிதம்

1957 மே மாதம் பிரதம தளபதி ஆனார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் வி.கே. கிருஷ்ண மேனன் ராணுவ மந்திரி ஆகியிருந்தார். மேனன் கூர்மையான அறிவாளி. ஐ.நா. சபையில் காஷ்மீருக்காக மணிக்கணக்கில் வாதாடியவர். ராணுவத் தொழிற்சாலைகள் பெருக வேண்டும் என்பதில் அவர் கொண்ட அக்கறையை மறுக்க முடியாது. ஆனால் நாக்கு கூர்மை. எதிரே இருப்பவர் யார் என்று பார்க்க மாட்டார்.

இருவருக்கும் ஒத்துப் போகவில்லை. மனக்கசப்புக்கு இரண்டு காரணங்கள். முதலாவது, உத்தியோக உயர்வு. பிரதம தளபதியின் சிபாரிசைத் தாண்டி பி.எம். கவுல் போன்றவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இரண்டாவது, சீனா. வடக்கு எல்லையில் ஆபத்து வருகிறது, ஆளும் ஆயுதமும் சாலையும் வேண்டும் என்று திம்மய்யா சொன்னார். எதிரி பாகிஸ்தான்தான் என்று இருந்தார் மேனன். 1959 ஆகஸ்டு 25-ந் தேதி வடகிழக்கு எல்லையில் லோங்ஜூ என்ற இடத்தில் சீனர் சுட்டார்கள்.

திம்மய்யா பிரதமர் நேருவைச் சந்தித்து நிலைமையைச் சொன்னார். நேரு மேனனிடம் பேசினார். தம்மைத் தாண்டிப் பிரதமரிடம் போனதாக மேனன் தளபதி மீது எரிந்து விழுந்தார். ஆகஸ்டு 31-ந் தேதி திம்மய்யா ராஜினாமா எழுதி அனுப்பி விட்டார்.

அன்று மாலையே நேரு அவரை அழைத்தார். நாட்டின் நலனுக்காகக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக் கொள்ளச் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு முன் அலகாபாத்தில் தந்தை சொன்னதையே இப்போது டெல்லியில் மகன் சொன்னார். திம்மய்யா மறுபடியும் தங்கி விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. செய்தி கசிந்து விட்டது. செப்டம்பர் 1-ந் தேதி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் வந்து நாடு அமளிப்பட்டது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அதே நாளில்தான் பாகிஸ்தானின் அயூப் கான் டெல்லி பாலம் விமான நிலையத்தில் இறங்கி நேருவைச் சந்தித்தார். பதினோரு மாதங்களுக்கு முன் ராணுவத்தைக் கொண்டு நாட்டையே கைப்பற்றிய தளபதி அவர்! அதைப் பார்த்த டெல்லி அரசியல்வாதிகள் வயிற்றில் புளியைக் கரைத்தது. மறுநாள் நேரு பாராளுமன்றத்தில் பேசினார். ராணுவ மந்திரியை விட்டுக் கொடுக்கவில்லை. தளபதி செய்தது சரியல்ல என்று சபையறியக் கண்டித்தார். முந்தாநாள் மாலை உட்கார வைத்துச் சமாதானம் சொன்ன அதே நேரு.

திம்மய்யா வாய் திறக்கவில்லை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பதில் சொல்லவில்லை. இன்னும் இருபது மாதம் அதே நாற்காலியில், அதே மந்திரியின் கீழ் வேலை பார்த்தார். கடிதத்தைத் திரும்ப வாங்கியது கோழைத்தனம், வாங்கிய அன்றே அவருக்கு மரியாதை போய் விட்டது என்று ராணுவத்திலேயே சிலர் சொன்னார்கள். விட்டு விலகியிருந்தால் மேனனும் விலக நேர்ந்திருக்கும், 1962-ல் அவமானம் வந்திருக்காது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. பிரதம தளபதி கடிதம் எழுதி, அதனால் ராணுவ மந்திரி வீட்டுக்குப் போயிருந்தால், அடுத்த தளபதிக்கு அது ஒரு பாடமாகியிருக்கும். இன்று மந்திரி, நாளை பிரதமர். பக்கத்து பர்மாவைப் பார்த்தாலே போதும். 1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் உழைத்த தமிழர்கள் கையில் கட்டிய துணியோடு கப்பல் ஏறினார்கள். சென்னையில் பர்மா பஜார் என்று பெயர் வந்தது அந்த அகதிகளால்தான். ராணுவம் தன் வேலையைத் தாண்டினால் அது கூலிக்காரன் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்து சேரும். சிப்பாய்கள் அவ்வளவு நேசித்த தளபதி, கோபத்தில் எழுதிய கடிதத்தை மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் சொன்னதற்காகத் திரும்ப வாங்கினார் என்பது நாட்டுக்கு நல்லதாகவே முடிந்தது.

தவறு கடிதத்தை வாங்கிக் கொண்டவரிடம் இல்லை. வாங்கிக் கொள்ளச் சொன்னவர்கள் அவர் சொன்னதைக் காதில் போட்டுக் கொள்ளாததுதான் தவறு. அந்த அக்டோபரிலேயே கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த தோரட், சீனர் எந்த வழியாக வருவார்கள், எங்கே நின்று தடுக்க வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். திம்மய்யா அதை மந்திரிக்கு அனுப்பினார். வீண் பயம் என்று அது ஒதுக்கப்பட்டது. காகிதம் பைலுக்குள் போய்ப் படுத்துக் கொண்டது. ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு அது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

தமக்குப் பின் தோரட் வர வேண்டும் என்று சிபாரிசு செய்தார். அரசாங்கம் தாப்பரை நியமித்தது. 1961 மே 7-ந் தேதி திம்மய்யா ஓய்வு பெற்றார். தோரட்டும் அதே மாதம் வீட்டுக்குப் போனார்.

கடைசி உத்தியோகம்

ஓய்வு பெற்ற பின் 1962 ஜூலையில் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். சீனாவைத் தனியாக எதிர்த்து வெல்வது இன்றைய நிலையில் இயலாது, ராஜதந்திரம்தான் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். மூன்று மாதத்தில் சீனப் படை இறங்கியது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மேனன் பதவி விலகினார். தாப்பர் விலகினார். கவுல் விலகினார். அரசாங்கம் அவசரமாக அமைத்த தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் திம்மய்யாவையும் தோரட்டையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான் அப்போதே சொன்னேனே என்று மேடை ஏறிப் பேச அவருக்கு அது நல்ல தருணம். அவர் பேசவில்லை. தேர்தலுக்கும் நிற்கவில்லை.

1964 ஜூலையில் ஐ.நா. சபை அவரை சைப்ரஸ் தீவுக்கு அழைத்தது. கிரேக்கர்களும் துருக்கியரும் தெருவுக்குத் தெரு துப்பாக்கி பிடித்து நின்ற தீவு. ஐ.நா. அமைதிப் படைக்கு அவர் தளபதி. போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே துருக்கி விமானங்கள் குண்டு வீசின. இரு தரப்பாரிடமும் போய்ப் பேசுவதுதான் அங்கே வேலை. கொரியாவில் பழகிய வேலை. ஒன்றரை ஆண்டு அதைச் செய்தார். 1965 டிசம்பர் 18-ந் தேதி அங்கேயே மாரடைப்பால் இறந்தார். வயது 59.

உடல் விமானத்தில் பெங்களூருக்கு வந்தது. பள்ளிச் சிறுவனாக வந்த ஊரில், இளம் அதிகாரியாக முதல் சம்பளம் வாங்கிய ஊரில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். சைப்ரஸ் அரசாங்கம் 1966-ல் அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. லார்னகா நகரில் ஒரு பெரிய சாலைக்கு அவர் பெயர் உண்டு.

மடிகேரியில் அவர் குடும்பத்தின் சன்னி சைட் வீட்டில் பல ஆண்டுகள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் நடந்தது. லைசென்சுக்கும் எப்.சி.க்கும் வந்தவர்கள் அந்த வராந்தாவில் வரிசையில் நின்றார்கள். பிறகு ஆபீசைக் காலி செய்து, வீட்டைப் பழையபடி செப்பனிட்டு, 2021 பிப்ரவரி 6-ந் தேதி ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் அதை திம்மய்யா நினைவு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார்.